வாயில் கவ்விய குண்டூசி

எனக்குச் சொந்த ஊர் மேல்விஷாரம். என் பாட்டி, நாங்கள் நன்னிமா என்போம், வெளியில் புறப்படும்போது புடவைக்கு மேல் வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்தி, அதன் இரு விளிம்புகளையும் முகவாய்க்குக் கீழே ஒரு கையால் சேர்த்துப் பிடித்தபடியே நடப்பார். அம்மா கறுப்புப் புர்காவுக்கு மாறினார். அதன் தலைத்துணியில் நாடா இருந்ததால் பின்னால் முடிந்துகொண்டார். நான் ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு காலணித் தொழிற்சாலையின் தையல் பிரிவில் சேர்ந்தபோது, எனக்கு இரண்டு கைகளும் தேவைப்பட்டன. தொங்கும் துணி எதுவும் இயந்திரத்தின் சக்கரத்தருகே போகவும் கூடாது. அப்படித்தான் எங்கள் வீட்டுக்குள் நீள ஷாலும், அதைக் குத்தும் குண்டூசிகளும் வந்தன.

அந்தக் குண்டூசியால் நேர்ந்ததைச் சொல்லவே இதை எழுதுகிறேன். என் அக்கா மகள் கல்லூரி முதலாண்டு படித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் காலை, பேருந்துக்கு நேரமாகிவிட்ட பதற்றத்தில், தலையில் மணி வைத்த குண்டூசியை உதடுகளுக்கிடையே கவ்விக்கொண்டு இரண்டு கைகளாலும் ஷாலின் மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தவள், தங்கை சொன்ன எதற்கோ சிரித்தாள். சிரிப்பதற்கு இழுத்த மூச்சோடு ஊசியும் உள்ளே போய்விட்டது. சில நிமிடங்கள் கண்ணில் நீர் வர இருமினாள். பிறகு இருமல் அடங்கிவிட்டது. இருமல் நின்றதால் ஊசி வயிற்றுக்குள் இறங்கிவிட்டது என்று நாங்கள் எல்லோருமே நம்பினோம். பக்கத்து வீட்டுப் பெரியம்மா வாழைப்பழம் கொடுக்கச் சொன்னார். நல்லவேளையாக அக்கா எதையும் கொடுக்காமல் உடனே வேலூருக்கு அழைத்துப் போனார்.

எக்ஸ்ரேயில் ஊசி வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. அது வயிற்றில் இல்லை. நுரையீரலுக்குள் போகும் வலப்புற மூச்சுக்குழாயில் இருந்தது. வலப்புறக் குழாய் இடப்புறத்தைவிடச் சற்று அகலமாகவும் நேராகவும் இருப்பதால் உள்ளே விழும் பொருள் அந்தப் பக்கம் போவது உண்டு என்றும், இருமல் அடங்குவது ஆபத்து நீங்கியதற்கு அடையாளமல்ல என்றும் மருத்துவர் விளக்கினார். மயக்கம் கொடுத்து, குழாய்க் கருவியை வாய்வழியே செலுத்தி ஊசியை எடுக்க வேண்டியிருந்தது. வயிறு காலியாக இருந்தது நல்லது, வாழைப்பழம் கொடுத்திருந்தால் மயக்க மருந்து கொடுப்பதே சிக்கலாகியிருக்கும் என்றார். துருக்கி, எகிப்து போன்ற நாடுகளின் மருத்துவ இதழ்களில் இதே விபத்து பலமுறை பதிவாகியுள்ளது என்பதையும், அதில் சிக்குபவர்கள் பெரும்பாலும் பள்ளி, கல்லூரி வயதுப் பெண்கள்தான் என்பதையும் அன்றுதான் அறிந்தேன். இத்தனை ஆண்டுகள் நானும் ஊசியை வாயில்தான் கவ்வி வந்திருக்கிறேன். அவளுக்கு அந்தப் பழக்கம் என்னிடமிருந்தே போயிருக்க வேண்டும்.

காத்திருந்த கூடத்தில் என் பக்கத்தில் ஒரு கன்னியாஸ்திரி அமர்ந்திருந்தார். விவரம் கேட்டதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். சற்று நேரம் கழித்து, நானாகவே, "சிஸ்டர், உங்கள் முக்காடு நழுவாமல் எப்படி நிற்கிறது?" என்று கேட்டேன். அவர் நெற்றியோரத் துணியைச் சற்றே விலக்கி, உள்ளே இருந்த பருத்திப் பட்டையைக் காட்டினார். "துணியைப் பிடிப்பது இந்தப் பட்டைதான் அம்மா. பட்டை சரியாக உட்கார்ந்துவிட்டால் இரண்டு கிளிப்பே போதும்," என்றார். நெற்றியில் இறுக்கிக் கட்டினால் முன்வரிசை முடி இழுபட்டு உதிரும் என்பதையும் தம் அனுபவத்திலிருந்து சொன்னார். வேறொரு மதத்துப் பெண் சொன்னதுதான் என் பழக்கத்தைத் திருத்தியது என்பதை நன்றியோடு பதிவு செய்கிறேன்.

அதன்பின் நான் மேலே குத்துவதை விட்டுவிட்டு, அடியிலிருந்து தொடங்கினேன். முடியை உச்சியில் அல்லாமல் பிடரிக்கு மேலே தாழ்வாக முடிந்து, பின்னலாடைப் பருத்தியில் தைத்த உள்தொப்பியை இறுக்கமில்லாமல் அணிகிறேன். ஈரத் தலையோடு முக்காடு போடுவதில்லை. வேலூரின் சித்திரை வெயிலில் அடைபட்ட ஈரம் பொடுகையும் அரிப்பையும் கொண்டுவரும். லாங்கு பஜாரில் ஷால் வாங்கப் போனால் நிறத்தைப் பார்க்கும் முன் துணியை உள்தொப்பியின் மேல் வைத்து இழுத்துப் பார்க்கிறேன். சாட்டின் வழுக்கிக்கொண்டு ஓடும். சிஃபான் ஓரளவு நழுவும். முறுக்கு நூலில் நெய்த ஜார்ஜெட் பிடித்து நிற்கும். ஆனாலும் பாலியஸ்டர் ஜார்ஜெட் கோடையில் புழுங்கும் என்பதால், 'வாயல்' எனப்படும் மெல்லிய பருத்தித் துணியைத்தான் நான் விரும்பி வாங்குகிறேன். குர்ஆனில் அந்நூர் அத்தியாயத்தின் 31-ஆம் வசனம் முக்காட்டை மார்பின்மீதும் போட்டுக்கொள்ளச் சொல்வதால், அதற்குப் போதிய அகலமும் வேண்டும்.

கட்டியது சரியா என்பதை நான் கண்ணாடியில் தீர்மானிப்பதில்லை. தொழுகையில் செய்வதுபோல ஒருமுறை ருகூவுக்குக் குனிந்து, ஸஜ்தாவில் நெற்றியை நிலத்தில் வைத்து எழுவேன். கை வைத்துச் சரிசெய்யாமல் துணி நின்றுவிட்டால், அது தொழிற்சாலையிலும் பேருந்து நெரிசலிலும் நிற்கும்.

முகவாய்க்குக் கீழே இப்போது மூடும் ஊக்கு ஒன்று மட்டுமே போடுகிறேன். காந்தப் பொத்தான் துணியைக் கிழிக்காது என்று தோழிகள் பலர் அதற்கு மாறியிருக்கிறார்கள். நல்லதுதான், ஆனால் இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதை அணியக் கூடாது. எம்.ஆர்.ஐ. அறைக்குள் போகும் முன் காந்தமோ ஊசியோ எதுவும் தலையில் இல்லை என்று எல்லோருமே தடவிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரு சக்கர வண்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு தலைக்கவசத்திலிருந்து தலைப்பாகை அணிந்த சீக்கியருக்கு விலக்கு அளிக்கிறது. முக்காட்டுக்கு அப்படி விலக்கு இல்லை. ஆகவே உச்சியில் ஊசியோ முடிச்சோ இல்லாமல் மெல்லிய துணியாகக் கட்டி, அதன்மேல் கவசத்தை அணிந்து வாரை மாட்டுகிறேன். ஷாலின் இரு முனைகளையும் மேலாடைக்குள் செருகிவிட்டுத்தான் ஏறுகிறேன், ஏனென்றால் பின்சக்கரம் இழுக்கும் துணி கழுத்தையும் சேர்த்து இழுக்கும்.

அக்கா மகள் மறுநாளே வீடு திரும்பினாள். கண்ணாடிக்குப் பக்கத்தில் பஞ்சு அடைத்த சிறு துணிப்பையைத் தொங்கவிட்டு, ஊக்குகளை அதில்தான் குத்தி வைக்கிறாள். அவள் கண்ணாடி முன் நிற்கும் நேரம் பார்த்து, சமையலறையிலிருந்து அக்கா ஏதாவது ஒரு கேள்வி கேட்பார். அவள் வாய் திறந்து தெளிவாகப் பதில் சொல்லும்வரை விடமாட்டார்.