சமாதான காலத்தில் முறைப்பாடு கொடுக்கப் போனவர்கள் எழுதுங்கள்

வாழைச்சேனை மகள்:
2003. அரசும் புலிகளும் செய்த போர்நிறுத்த உடன்படிக்கை வந்து ஒரு வருடம் கடந்திருந்தது. தம்பிக்குப் பதினைந்து வயது. கோயில் திருவிழாவுக்குச் சைக்கிளில் போனவன் திரும்பவில்லை. சைக்கிள் மட்டும் கோயில் மதிலில் சாத்தியபடி நின்றது. யார், எப்படி என்பதை இங்கே இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

மூன்றாம் நாள் அம்மாவும் நானும் பஸ் ஏறி மட்டக்களப்பில் இருந்த போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழுவின் அலுவலகத்துக்குப் போனோம். கண்காணிப்பாளர் ஒரு வெள்ளைக்காரர், பக்கத்தில் மொழிபெயர்ப்பவர். இருவரும் மரியாதையாகவே கேட்டார்கள். தம்பியின் வயது, பள்ளிக்கூடம், கடைசியாக உடுத்திருந்த சட்டை எல்லாம் அம்மா தடங்கலில்லாமல் சொன்னார். "முறைப்பாட்டில் உங்கள் பெயரை எழுதலாமா?" என்று கேட்டதும் கதவைத் திரும்பிப் பார்த்தார். கதவு சாத்தியிருந்தது. இருந்தும் பார்த்தார். "என் பெயர் வேண்டாம், பிள்ளையின் பெயரை மட்டும் எழுதுங்கள்" என்றார். சிறிது நேரம் கழித்து அவரே, "பிள்ளையின் பெயர் இருந்தால் தாய் யாரென்று தெரியாதா?" என்று என்னிடம் கேட்டார். எழுந்து வந்துவிட்டோம்.

2004 ஏப்ரலில், புலிகள் இரண்டாகப் பிளந்து வெருகலில் மோதிய சண்டைக்குப் பிறகு கிழக்கில் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினார்களே, அப்போது தம்பியும் இரவில் நடந்து வந்து சேர்ந்தான். இன்று அவனுக்குக் குடும்பம் இருக்கிறது. ஆனாலும் அம்மா கதவைப் பார்த்த அந்தப் பார்வை என்னை விடவில்லை. உங்களில் யாருக்காவது இப்படி நடந்ததா?

கட்டுவன்:
எங்களுடையது காணிப் பிரச்சினை. யாழ்ப்பாணத்தின் வலிகாமம் வடக்கு, 1990இல் இடம்பெயர்ந்த குடும்பம், காணி இராணுவத்தின் வசம். உடன்படிக்கையில் கோயில்களையும் தேவாலயங்களையும் படையினர் 30 நாளில் விட வேண்டும், பள்ளிக்கூடங்களை 160 நாளில் விட வேண்டும் என்று தெளிவாக எழுதியிருந்தது. வீடுகளுக்கு அப்படி ஒரு நாள் குறிக்கப்படவில்லை. அப்பா அந்தப் பத்திரிகைத் துண்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். "எங்கேயாவது ஓர் இடத்தில் வீடு என்று இருக்கும், நீ கவனமாகப் பார்" என்று என்னிடம் பலமுறை கொடுத்தார். நானும் ஒவ்வொரு முறையும் வாசித்தேன்.

ஒரு நாள் காணி உறுதியை எடுத்துக்கொண்டு முட்கம்பி வரை போனோம். எங்கள் வளவு அங்கிருந்தே தெரிந்தது. காவலரணில் நின்ற சிப்பாய்க்கு இருபது வயதுகூட இருக்காது. "என்ன?" என்றான், அந்த ஒரு தமிழ்ச் சொல்தான் அவனுக்குத் தெரிந்தது. அப்பா உறுதியை நீட்டி, பிறகு வீட்டைக் காட்டினார். அவன் சற்று நேரம் பார்த்துக்கொண்டே நின்றான். உள்ளே போனான். திரும்பி வந்து கம்பிக்கு மேலால் நான்கு தேசிக்காய்களைக் கொடுத்தான். எங்கள் மரத்துத் தேசிக்காய்கள்.

அப்பா அவற்றை வெட்ட விடவில்லை. காய்ந்து கல்லாகும் வரை மேசையில் இருந்தன. அப்பா போய்ப் பல வருடங்களுக்குப் பிறகு காணி விடப்பட்டது. வீடு இல்லை, மரமும் இல்லை. கிணறு இருக்கிறது.

மூதூர் வயல்:
சகோதரி, சகோதரர் இருவருக்கும் நடந்தது எனக்கு வலிக்கிறது. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. உங்களுக்கு முறைப்பாடு கொடுக்க ஒரு கதிரையாவது இருந்தது. கட்டுவன் சகோதரர் உடன்படிக்கையில் தன் வீட்டைத் தேடினார். நாங்கள் தேடியது எங்களையே. கையெழுத்திட்டவர்கள் இரண்டு தரப்பு. மீறல் என்றால் ஒரு தரப்பு செய்ததாக மற்றத் தரப்பு சொல்வது. முஸ்லிம்கள் மூன்றாம் தரப்பாகப் பேச்சு மேசையில் உட்கார வேண்டும் என்று எத்தனை பேர் கேட்டார்கள்! 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட எம் மக்கள் அப்போதும் புத்தளத்து ஓலைக் குடிசைகளில்தான் இருந்தார்கள்.

2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் புலிகளின் தலைவரும் முஸ்லிம் காங்கிரஸ் தலைவரும் சந்தித்து, வயல்களுக்குப் போகலாம் என்று பேசிக்கொண்டார்கள். அதை நம்பி வாப்பா புலிகளின் பகுதிக்கான எல்லையைத் தாண்டி எங்கள் காணிக்குப் போனார். நானும் கூடப் போனேன். வேறு யாரோ உழுதிருந்தார்கள். வாப்பா சண்டை பிடிக்கவில்லை. வரம்பில் நடந்து எல்லைக் கற்களை எண்ணினார். ஆறு இருக்க வேண்டும், மூன்றுதான் இருந்தன. திரும்ப எண்ணினார். மூன்றாம் முறையும் எண்ணத் தொடங்கியபோது நான் கையைப் பிடித்து அழைத்து வந்துவிட்டேன். யாரிடம் முறையிட? இரண்டு பக்கத்திலும் கேட்டோம், இரண்டு பக்கமும் மற்றப் பக்கத்தைக் காட்டியது.

கட்டுவன்:
மூதூர் சகோதரர் சொல்வது நியாயம். ஆனால் கதிரை இருந்தது என்று சொல்வதை ஏற்க முடியாது. எங்கள் முறைப்பாட்டைக் கேட்டுக்கொள்ள ஆள் இருந்தார், பதில் சொல்ல ஆள் இல்லை. இரண்டும் ஒன்றல்ல.

மூதூர் வயல்:
கேட்பதற்கு ஆள் இருப்பது எவ்வளவு பெரிய விடயம் என்பது, அதுவும் இல்லாதவனுக்குத்தான் தெரியும்.

பழைய மொழிபெயர்ப்பாளர்:
எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். வேறொரு மாவட்டத்தில் இந்த வேலையைத்தான் செய்தேன். வாழைச்சேனைத் தங்கைக்கு: எல்லோரும் கதவைப் பார்த்தார்கள். கதவுக்கு முதுகு காட்டி உட்காரும்படி கதிரையை மாற்றிப் போட்டோம். அப்போதும் திரும்பிப் பார்த்தார்கள்.

கண்காணிப்புக் குழுவுக்கு ஆயுதமும் கிடையாது, யாரையும் தண்டிக்கும் அதிகாரமும் கிடையாது. விசாரித்து, மீறல் என்று தீர்மானித்து, இரு தரப்புக்கும் எழுதலாம். 2007 வரையான கணக்கில் புலிகள் மீது 3,800க்கும் மேற்பட்ட மீறல்கள், அரசு மீது ஏறத்தாழ 350. புலிகளுக்கு எதிரானவற்றில் 1,700க்கு மேல் சிறுவர் சேர்ப்பு. இந்த எண்களை எடுத்து இன்றும் ஒருவரையொருவர் அடிக்கிறார்கள். எண்ணுக்குள் வராமல் எழுந்து போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

என்னை உறுத்துவது ஒரே ஒரு தாய். மகனைக் கொண்டுபோய்விட்டார்கள் என்று வந்தார். வயதைக் கேட்டேன். போன மாதம் பதினெட்டு முடிந்தது என்றார். சிறுவர்களின் பெயர்கள் தனிப் பட்டியலாகப் போகும். பெயர் பெயராகக் கேட்டு விடுவிக்கச் சொல்வார்கள். சிலர் திரும்பியும் வந்தார்கள். பெரியவர்களுடையது வேறு தாள். அதை அவரிடம் சொன்னேன். வாங்கில் உட்கார்ந்தபடி விரலால் மடியில் ஏதோ கணக்குப் போட்டார். "போன மாதமே கொண்டுபோயிருந்தால் கேட்டிருப்பீர்களா, தம்பி?" என்றார்.

அதை நான் மொழிபெயர்க்கவில்லை. கண்காணிப்பாளர் என்ன சொன்னார் என்று கேட்டார். "நன்றி சொன்னார்" என்றேன். அந்தப் பொய்யைத்தான் இன்றுவரை சுமக்கிறேன்.

ஓய்வுபெற்ற சட்டத்தரணி:
என் கதை சிறியது. சமாதான காலத்தில் ஒரு காவல் நிலையத்தில் இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு விட்டார்கள். வெளியே வரும்போது என் வாக்குமூலத்தின் பிரதியைக் கேட்டேன், தரவில்லை. அவ்வளவுதான்.

ஆனால் பிள்ளைகளே, நீங்கள் எல்லோரும் உணர்வோடு எழுதுகிறீர்கள், ஆவணம் எங்கே? முதலில் நினைவில் இருப்பதைத் திகதியோடு எழுதுங்கள். அந்த உடன்படிக்கையின் முதல் பக்கங்களிலேயே சித்திரவதை, மிரட்டல், கடத்தல், கப்பம், தொல்லை எதுவும் பொதுமக்கள் மீது கூடாது என்று இருக்கிறது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் தேடுதலும் கைதும் நடக்காது என்றும் இருக்கிறது. இவற்றை நம் மக்களில் பத்துப் பேருக்கு ஒருவர்கூடப் படித்திருக்க மாட்டார். காணாமல் ஆக்கப்பட்டவர் வீட்டில் இருந்தால், இறந்துவிட்டார் என்று கையெழுத்திடாதீர்கள். மரணப் பதிவுச் சட்டத்துக்கு 2016இல் வந்த திருத்தத்தின்படி, காணப்படவில்லை என்பதற்கே சான்றிதழ் பெறலாம். வங்கிக் கணக்கு, காணி போன்ற அலுவல்களுக்கு அது உதவும். ஆட்கொணர்வு மனுவை மாகாண மேல் நீதிமன்றத்திலேயே போடலாம், கொழும்புக்கு அலைய வேண்டாம்.

இன்னொன்று. பழுது கண்காணிப்பாளர்களிடம் இல்லை, எதை முதலில் செய்வது என்ற வரிசையில் இருந்தது. எல் சல்வடோரில் மனித உரிமை உடன்படிக்கை 1990 ஜூலையிலேயே கையெழுத்தானது. போர் நின்றது 1992இல். ஐ.நா. அவதானிகள் 1991இலேயே ஊர்களில் இருந்தார்கள், சண்டை நடக்கும்போதே முறைப்பாடு எடுத்தார்கள். குவாத்தமாலாவிலும் 1994 மார்ச்சில் உரிமை உடன்படிக்கை, 1996 டிசம்பரில்தான் இறுதிச் சமாதானம். நம் நாட்டில் துப்பாக்கி முதலில் நின்றது. உரிமைப் பிரகடனம் எழுதுவது பற்றி 2003 மார்ச்சில் ஜப்பானின் ஹக்கோனேயில் நடந்த பேச்சுவார்த்தையில் பேசினார்கள். மனித உரிமை நிபுணர் இயன் மார்ட்டின் ஆலோசகராக இருந்தார். அடுத்த மாதமே பேச்சிலிருந்து புலிகள் விலகினார்கள், காகிதம் காகிதமாகவே நின்றது. எனவே எல்லோரும் சேர்ந்து ஒரு மனுத் தயாரிக்க வேண்டும். மாதிரியை நானே எழுதித் தருகிறேன். முதல் பத்தியில் உங்கள் முழுப் பெயர், அடையாள அட்டை இலக்கம்...

மூதூர் வயல்:
ஐயா, பெயர் எழுதப் பயந்த தாயைப் பற்றிய பேச்சில் முதல் பத்தியிலேயே பெயரையும் அட்டை இலக்கத்தையும் கேட்கிறீர்கள். எல் சல்வடோர் பற்றிச் சொன்னதற்கு நன்றி, அதை நான் அறிந்திருக்கவில்லை.

வாழைச்சேனை மகள்:
ஐயா, நீங்கள் அக்கறையில் எழுதுகிறீர்கள் என்று தெரிகிறது. நான் மனு கேட்கவில்லை. தம்பி வந்துவிட்டான், எங்களுக்கு வழக்கு எதுவும் இல்லை. மொழிபெயர்ப்பாளர் அண்ணா எழுதியதை வாசித்த பிறகு, முதலில் விட்டுவிட்ட ஒன்றைச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

அன்று நாங்கள் வெளியே வந்தபோது வாங்கில் இன்னொரு தாய் முறைக்குக் காத்திருந்தார். மடியில் பள்ளிக்கூட அறிக்கைப் புத்தகம், அதற்குள் ஒரு புகைப்படம். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "எழுதிக்கொண்டார்களா?" என்று கேட்டார். அம்மா இல்லை என்று தலையசைத்தார். ஏன் என்று அவர் கேட்கவில்லை. நாங்களாகவே எழுந்து வந்தோம் என்று அம்மாவும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. உள்ளே அவரைக் கூப்பிட்டார்கள். அவர் புகைப்படத்தைப் புத்தகத்துக்குள் வைத்து மூடிவிட்டு எங்கள் பின்னாலேயே வந்துவிட்டார்.

பஸ் நிறுத்தத்தில் மூவரும் வெகுநேரம் நின்றோம். அவருடைய பிள்ளையின் பெயரை நாங்கள் கேட்கவில்லை.