மோண்டா விஸ்டாவா, லின்புரூக்கா: உதவி தேவை

வரும் ஆகஸ்டில் மகள் ஒன்பதாம் வகுப்பில் சேரவேண்டும்; எந்தப் பள்ளியின் எல்லைக்குள் வாடகைக்கு வீடு பிடிப்பது என்று முடிவெடுக்க முடியாமல் தவிக்கிறோம். கலிஃபோர்னியாவில் குப்பர்டினோ நகரின் மோண்டா விஸ்டா, மேற்கு சான் ஹொசேயின் லின்புரூக் இரண்டுமே ஃப்ரீமாண்ட் யூனியன் பள்ளி மாவட்டத்து அரசு உயர்நிலைப் பள்ளிகள். குடியிருக்கும் முகவரியை வைத்தே இடம் தருகிறார்கள்.

11ஆம் வகுப்பு மாநிலத் தேர்வு முடிவுகளையும் கலிஃபோர்னியா கல்வித்துறையின் மாணவர் விவரங்களையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டேன். இரண்டிலும் ஆசிய வம்சாவளி மாணவர்களே பெரும்பான்மை. மதிப்பெண்களோ இரண்டிலும் மாநிலச் சராசரியைவிட வெகு உயரம். இரு வளாகங்களையும் வெளியிலிருந்து சுற்றிப் பார்த்தும் தெளிவு பிறக்கவில்லை.

கணக்கில் ஒரு மதிப்பெண் குறைந்தாலும் விடைத்தாளை நான்காக மடித்துப் பைக்குள் ஒளித்து வைப்பவள் என் மகள். ஆகவே எண்களைவிட அவள் மனமே எனக்கு முக்கியம்.

அங்கே பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்களே, இவ்விரண்டில் போட்டியின் அழுத்தம் எங்கே தாங்கக்கூடியதாக இருக்கிறது?