வேகத்தில் போய் சைக்கிளிலிருந்து விழுந்தவர்கள் உண்டா?

கொல்லிமலை இறக்கம். எழுபது கொண்டை ஊசி வளைவு, எல்லாருக்கும் தெரிந்த ரோடுதான். காரவள்ளி வர இன்னும் கொஞ்சம் வளைவுகள் பாக்கி. நேராக வருகிற துண்டில் நல்ல வேகம் பிடித்துவிட்டது. அடுத்த வளைவில் சாய்ந்த பிறகுதான் ஏதோ வண்டி சிந்திவிட்டுப் போன எம்-சாண்ட் கண்ணில் பட்டது, ரோடு நிறத்திலேயே கிடந்தது. முன் சக்கரம் அப்படியே வழுக்கிக்கொண்டு போனது. மற்றதெல்லாம் மறந்துவிடும். மறக்காதது, ஹெல்மெட் தாரில் உரசிய சத்தம். அது வெளியிலிருந்து காதுக்கு வரவில்லை, மண்டைக்குள்ளிருந்து வந்தது, கரகரவென்று. இதோ நின்றுவிடும், இதோ நின்றுவிடும் என்று பார்க்கிறேன், நிற்கவே இல்லை. நிஜத்தில் ரெண்டு நொடிகூட இருந்திருக்காது. தொடையிலும் முழங்கையிலும் தோல் போனது, எலும்பு தப்பியது. ஆனால் இப்போதும் வீட்டில் தேங்காய் துருவ ஆரம்பித்தால் எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறேன். வேறு யாருக்காவது இப்படிச் சத்தம் மட்டும் தங்கியிருக்கிறதா?

*

எனக்குத் தங்கினது சத்தம் இல்லை, நாய். ஈ.சி.ஆரில் கோவளம் தாண்டி, விடியற்காலை, ஐந்தாறு பேர் ஒருவர் பின்னால் ஒருவராகப் போகிறோம், முன்னால் போகிறவர் சக்கரத்துக்கும் என் சக்கரத்துக்கும் ஒரு முழம் இடைவெளி இருக்கும். பின்காற்று வேறு, நாற்பதைத் தொட்டுவிட்டோம். மீடியன் செடிக்குள்ளிருந்து நாய் ஓடி வந்தது. முன்னால் போனவர் ஒடித்துவிட்டார், எனக்கு அதற்கு நேரமில்லை. நாய் மேலேயே ஏறி, ஹேண்டில்பாரைத் தாண்டித் தோளில் விழுந்தேன். காலர் போன் உடைந்த வலி உடனே தெரியவில்லை. தெரிந்ததெல்லாம், அந்த நாய் எழுந்து மூன்று காலில் நொண்டிக்கொண்டு சவுக்குத் தோப்புக்குள் போனது. டீக்கடை அக்கா ஓடி வந்து தண்ணீர் ஊற்றிவிட்டார், கூட வந்தவர்கள் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்கள், எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், நாயை யாரும் பார்க்கவில்லை. கையைத் தொட்டில் கட்டோடு வைத்துக்கொண்டு பிறகு ஒரு நாள் பஸ் ஏறிப் போய் அதே இடத்தில் இறங்கி அந்த அக்காவிடம் கேட்டேன். "எந்த நாய்ப்பா? இங்க இருபது நாய் சுத்துது" என்றார்.

*

நானும் ஏற்காடு இறக்கத்தில் மழையில் விழுந்தவன்தான், முழங்கால் வீங்கியது, அதோடு சரி. அதை விடுங்கள், எல்லாரும் கவனிக்க வேண்டியது ஒன்று. இறக்கத்தில் முன் பிரேக்கைத் தொடவே கூடாது. பின் பிரேக்கை மட்டும் லேசாகப் பிடித்துக்கொண்டே இறங்க வேண்டும், வேகம் ஏறவே விடக்கூடாது. அப்புறம் தினம் இருபது நிமிஷம் இடுப்புக்கும் வயிற்றுக்கும் பயிற்சி செய்யுங்கள், உடம்பு கட்டாக இருந்தால் சைக்கிள் சொன்னபடி கேட்கும். டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். கூட்டமாகப் போவதை நிறுத்துங்கள், ஈ.சி.ஆர் நண்பர் தனியாகப் போயிருந்தால் நாயைத் தூரத்திலேயே பார்த்திருப்பார். சரியாகப் பழகினவன் விழமாட்டான் என்பதுதான் என் கருத்து.

*

மேலே சொன்னதை யாரும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், எனக்குப் படிக்கும்போதே பதறுகிறது. பிரேக் பிடித்ததும் எடை முன் சக்கரத்துக்குப் போய்விடும், பின் சக்கரம் லேசாகிவிடும். பின்னால் மட்டும் அழுத்தினால் அது பூட்டிக்கொண்டு இழுத்துக்கொண்டே போகும், வண்டி நிற்காது. வளைவுக்குள் சாய்ந்த பிறகு முன் பிரேக்கை அழுத்தினால்தான் ஆபத்து. வளைவுக்கு முன்பே நேராக இருக்கும்போது ரெண்டையும் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு உள்ளே போக வேண்டும். மலை முழுக்க விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினால் ரிம் பிரேக் (சக்கர வளையத்தையே கட்டை அழுத்திப் பிடிக்கும் வகை) வண்டியில் ரிம் கொதித்து ட்யூப் வெடிக்கவும் வாய்ப்பிருக்கிறது. முப்பதில் போவதற்கும் அறுபதில் போவதற்கும் வண்டியின் இயக்க ஆற்றலில் வித்தியாசம் ரெண்டு மடங்கு இல்லை, நாலு மடங்கு. நிற்கப் பிடிக்கும் தூரமும் அப்படியே.

பழகினவன் விழமாட்டானாம். கிறிஸ் ஃப்ரூம் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை நாலு முறை ஜெயித்தவர். 2019 ஜூனில் போட்டிக்கு முன் பாதையைப் பார்க்கப் போனபோது, மூக்கைச் சிந்த ஒரு கையை எடுத்த நேரம் காற்று தள்ளிவிட்டது, சுவரில் மோதித் தொடை எலும்பு, முழங்கை, விலா எல்லாம் முறிந்தது. அவரைவிடப் பழகினவர் யார்?

என் கதை சின்னது. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது, குஞ்சப்பனைக்குக் கொஞ்சம் மேலே, ஹேண்டில் தானாக ஆட ஆரம்பித்தது. இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க ஆட்டம் கூடியது, சைக்கிளே ரெண்டாக மடிகிற மாதிரி. ரெண்டு முழங்காலாலும் நடு பைப்பை நெருக்கிப் பிடித்து, சீட்டிலிருந்து லேசாக எழுந்து, கைப்பிடியைத் தளர்த்தினேன், ஆட்டம் அடங்கியது. அதற்குள் வேலியோரப் புல்லில் இறங்கிவிட்டேன், நல்லவேளை பள்ளம் அந்தப் பக்கம் இல்லை. இதுவரை எதனால் ஆடியது என்று கடைக்காரருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அந்த ஃபிரேமை நான் மறுபடி இறக்கத்துக்குக் கொண்டுபோகவில்லை.

*

நான் விழவில்லை, என் வீட்டுக்காரர் விழுந்தார். வால்பாறையிலிருந்து ஆழியாறு இறங்கும் நாற்பது வளைவில் ஒன்றில், நான் கொஞ்சம் பின்னால் வந்துகொண்டிருந்தேன். தானாகவே எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு "ஒண்ணுமில்ல, போலாம்" என்றார். ரத்தம்கூடப் பெரிதாக இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நாம எதுக்கு இங்க வந்தோம்?" என்று கேட்டார். சொன்னேன். தலையாட்டினார். உடனே அதே குரலில், அதே சொல் மாறாமல், "நாம எதுக்கு இங்க வந்தோம்?" பொள்ளாச்சி வரும்வரை காரில் விடாமல் கேட்டுக்கொண்டே வந்தார், நானும் ஒவ்வொரு முறையும் புதிதாகச் சொல்வது மாதிரி சொன்னேன். ஸ்கேன் எடுத்தார்கள், ராத்திரி வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள்.

ஹெல்மெட் வெளியே ஒரு கீறல்தான், உள்ளே இருக்கும் தெர்மாகோல் மாதிரிப் பகுதி குறுக்கே வெடித்திருந்தது. அது ஒரு அடிக்குத்தான் தாங்கும். கொல்லிமலைக்காரரே, வெளியே நன்றாக இருக்கிறது என்று அதையே போட்டுக்கொண்டு போகாதீர்கள். 2003-ல் பாரிஸ்-நீஸ் சைக்கிள் போட்டியில் ஆந்த்ரேய் கிவிலெவ் என்ற வீரர் தலையில் அடிபட்டு இறந்த பிறகுதான் பெரிய பந்தயங்களிலேயே ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கினார்கள். விழுந்தவர் எழுந்து நன்றாகப் பேசுகிறார் என்று விட்டுவிடவும் கூடாது. தலைவலி, வாந்தி, தூக்கம் சொக்குவது, கேட்டதையே கேட்பது, இதில் எது வந்தாலும் நேராக ஆஸ்பத்திரிதான்.

அவருக்கு அந்த நாள் நினைவிலேயே இல்லை, அதனால் பயமும் இல்லை. அடுத்த மாதம் வால்பாறை போகலாம் என்கிறார். விழுந்தவர்களைக் கேட்கவில்லை, பக்கத்தில் நின்று பார்த்தவர்களைக் கேட்கிறேன்: மறுபடி எப்படிக் கூடப் போனீர்கள்?