எரிபஸ் ஃபெல்ட்ஸ்பாரில் கண்ணாடித் துளிகள்: வழி சொல்லுங்கள்

அண்டார்க்டிகாவின் ராஸ் தீவிலுள்ள எரிபஸ் எரிமலையின் போனோலைட் (ஒருவகை எரிமலைப் பாறை) மாதிரிகளுக்கு, பொட்டாசியம் சிதைந்து சேரும் ஆர்கான்-40 வாயுவை வைத்து வயது கணக்கிடும் ஆர்கான்-ஆர்கான் முறையில் வயது காண வேண்டும். தொல்லை அதிலுள்ள அனார்த்தோகிளேஸ் என்ற ஃபெல்ட்ஸ்பார் கனிமத்தில்தான். படிகம் விரல் நீளம் இருக்கும். உடைத்தால் உள்ளே பழுப்புக் கண்ணாடித் துளிகள். அவற்றில் சிக்கிய உபரி ஆர்கான்-40, அதாவது படிகத்திலேயே சிதைந்து உண்டாகாமல் முன்பே மாக்மாவில் இருந்தது, வயதை ஏற்றிக் காட்டுகிறது. 1984-இல் வெடித்து விழுந்த எரிமலைக் குண்டுக்கே பல்லாயிரம் ஆண்டு வயது வந்த கதை தெரிந்ததுதானே!

0.5 மில்லிமீட்டருக்குக் கீழே பொடித்து, சலித்து, நீர்த்த ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் அல்ட்ராசோனிக் (மீயொலி அதிர்வு) தொட்டியில் கழுவியாயிற்று. படிகத்துக்குள் முழுதாக மூடிக்கிடக்கும் துளிகளை அமிலம் எட்டவில்லை. இன்னும் நுணுக்கிப் பொடிக்கலாமா? கண்ணாடியில் இரும்பு இருப்பதால் காந்தப் பிரிப்பான் கைகொடுக்குமா? கொடுக்குமென்றால் அதன் காந்தத்துக்கு எத்தனை ஆம்பியர் மின்னோட்டம், பொடி ஓடும் தடத்துக்கு எவ்வளவு சாய்வு? படிகத்தை விட்டுவிட்டு, சுற்றியுள்ள நுண்மணிப் பகுதியையே அளப்பதுதான் மேல் என்று தோன்றுகிறது. செய்தவர்கள் சொல்லுங்கள்.