குரூப் 2-வா, ஏற்காட்டுக் காபியா?

கேள்வி: பி.இ. முடித்து சேலத்தில் வீட்டோடு இருக்கிறேன். அப்பா குரூப் 2 எழுதியே ஆகணும் என்கிறார், பெரியப்பா கோச்சிங்குக்குப் பணமே கட்டிவிட்டார். எனக்கோ ஏற்காட்டில் தாத்தா விட்டுப்போன ரெண்டு ஏக்கர் காபியைப் பார்த்துக்கொள்ள ஆசை. எப்படிப் பேசுவது?

பதில்: ஆசை சரி தம்பி, கணக்குப் போட்டாயா? புதுசாக நட்டால் அராபிகா வகைக் காபி காய்க்கவே மூணு நாலு வருஷம் ஆகும், அதுவரை கைச்செலவுக்கு என்ன வழி என்று அப்பா கேட்டால் பதில் வேணும். தோட்டத்து நிழல் மரமான சில்வர் ஓக்கில் மிளகுக் கொடி ஏற்றியிருக்கிறதா?

கேட்டவர்: இருக்கிறது அண்ணா, பாதி மரத்தில்.

பதில்: அப்போ மிளகை வைத்துப் பிழைக்கலாம். ஏற்காட்டிலேயே தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, போய்க் கேள்.

இன்னொருவர்: முதலில் பெரியப்பா கோச்சிங்குக்குக் கட்டிய காசைத் திருப்பிக் கொடுக்க வழி பண்ணுங்கள். அது கோச்சிங்கில் இருக்கும்வரை நீங்கள் என்ன பேசினாலும் எடுபடாது.