பாலைவனக் குழுப் பயணம்: பாதையை முன்பே உறுதி செய்வதா, போகிற போக்கில் தீர்மானிப்பதா?

மணற்குன்று: நான்கு வண்டிகளில் ஒன்பது பேர் ஐந்து நாள் பாலைவனத்தில் பயணம் செய்யவிருக்கிறோம். ஒவ்வொரு நாளுக்கும் தூரத்தையும் தங்குமிடத்தையும் நான் வரையறுத்துவிட்டேன். குழுவில் சிலரோ வழியை அங்கே போய்த் தீர்மானிக்கலாம் என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆளுக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் என்று கொண்டாலே 225 லிட்டர் தண்ணீர் வேண்டும். இரண்டு நாள் கூடலாம் என்றால் மேலும் 90 லிட்டர், அதாவது 90 கிலோ. எடை கூடினால் வண்டி மணலில் புதையும். புதைந்த வண்டியை மீட்பதற்குள் எரிபொருள் கரையும்.

நெடுவழி: கணக்கு சரிதான், நண்பரே. ஆனால் அந்த 90 லிட்டர் வழியை மாற்றுவதற்கான செலவு அன்று. அச்சு முறிந்து ஓரிடத்தில் நின்றாலும் அதுவே உங்களைக் காக்கும் என்பதால், மாறாத பாதையில் போகிறவரும் அதைச் சுமந்தே ஆகவேண்டும். வரைபடத்தில் உள்ள தடத்தைக் காற்று மூடியிருக்கலாம். மேலே கெட்டியாகத் தெரியும் உப்புத்தரையின் அடியில் சேறு இருக்கலாம். எங்கோ பெய்த மழையால் வறண்ட ஆற்றுப்படுகையில் திடீரென வெள்ளம் வரலாம். இவற்றைவிட நான் அஞ்சுவது "இன்றைய இலக்கு" என்ற சொல்லைத்தான். தாமதத்தை ஈடுகட்ட உச்சிவெயிலில் ஓட்டுவார்கள்; அப்போது நிழல் விழாததால் மேட்டின் விளிம்பே கண்ணுக்குத் தெரியாது, அதற்கப்பால் ஏறத்தாழ 34 பாகைச் சரிவு இருக்கும்.

மணற்குன்று: எந்த வழியில் போனோம் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாவிட்டால் எங்கே தேடுவார்கள்? மேலும், வழி பிரியும் ஒவ்வோர் இடத்திலும் ஒன்பது பேர் வெயிலில் நின்று விவாதிப்பதை நினைத்துப் பாருங்கள். (இங்கே நம் இருவருக்கே இந்தப் பாடு.)

தடம்தேடி: நான் ஒருமுறை நெடுவழி சொல்வதுபோலத்தான் போனேன். தார்ச்சாலையில் லிட்டருக்கு 10 கிலோமீட்டர் தந்த வண்டி மென்மணலில் 5 தான் தந்தது; 80 லிட்டர் தொட்டியை 800 கிலோமீட்டராக எண்ணியிருந்த நாங்கள், திரும்ப வேண்டிய நேரத்தைத் தாண்டிய பிறகுதான் அளவுமுள்ளைப் பார்த்தோம். அன்றிலிருந்து எரிபொருள் கிடைக்கும் இடங்களில் மட்டுமே வழியைத் தேர்கிறோம். ஒவ்வோர் இடத்திலும் முன்பே குறித்த இரண்டு வழிகள்தான் உண்டு. எரிபொருளை அதிகம் குடிக்கும் வண்டியின் ஓட்டுநர் "முடியாது" என்றால் பேச்சு முடிந்தது. இரு வழிகளும், தொடர்பு கொள்ள வேண்டிய நேரமும் ஊரில் ஒருவரிடம் எழுத்தில் இருக்கும்.

நெடுவழி: ஒப்புக்கொள்கிறேன், ஆனால் வந்த வழியே திரும்புவதையும் மூன்றாவது வழியாக எழுதுங்கள், எழுதாவிட்டால் அதைத் தோல்வியாகக் கருதி யாரும் வாய் திறக்கமாட்டார்கள். தார்ச்சாலைக்கு மாறும் வழியானால், மணலுக்காகக் காற்றைக் குறைத்த 16 சக்கரங்களுக்கும் மீண்டும் காற்றடிக்கும் நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மணற்குன்று: காற்றடிக்கும் நேரத்தை நான் கணக்கில் எடுக்கவேயில்லை. சரி, இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் மாற்றுவழி வைக்கிறேன். மூன்றாம் நாள் வழி நெடுகிலும் எரிபொருள் இல்லை. அன்று என் பாதைதான், திரும்பும் நேரம் மட்டும் முன்பே எழுதப்பட்டிருக்கும்.