மாடியில் பறித்து நேரே அடுப்புக்கு: உங்கள் வீட்டு அனுபவம் சொல்லுங்கள்

திருச்சி

நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். பெரியவளுக்கு 7.40க்குப் பள்ளி வேன், சின்னவனுக்கு 8.10க்கு. நாலு டிபன் பாக்ஸ் கட்டுகிற அவசரத்தில் தேங்காய்ச் சட்னி, தக்காளிச் சட்னி, மறுபடியும் தேங்காய்ச் சட்னி என்றே வருஷக்கணக்கில் ஓடியது. மாடியில் பத்துப் பன்னிரண்டு பைகளில் கீரையும் மூலிகையும் வைத்த பிறகுதான் அது மாறியது.

இப்போது அரிசியைக் களைந்து ஊறப்போட்டதும் மேலே போய்விடுவேன். எந்தப் பை தளதளவென்று இருக்கிறதோ, அன்றைக்கு அதுதான் சமையல். கீழே இறங்கும்போதே கையெல்லாம் வாசனை. முக்கால்வாசி நாள் புதினாதான். கடையில் வாங்கிய கட்டில் இலையை ஆய்ந்துவிட்டு, மிச்சத் தண்டை ஊன்றி வைத்தேன், பாதி நிழலில் படர்ந்துவிட்டது. உளுத்தம்பருப்பு இரண்டு ஸ்பூன், வரமிளகாய் நாலு, நெல்லிக்காய் அளவு புளி. இதையெல்லாம் வறுத்து அடுப்பை அணைத்துவிட்டு, அந்த வாணலிச் சூட்டிலேயே இலையைப் போட்டுப் பிரட்டுவேன். அடுப்பு எரியும்போது வதக்கினால் இலை கறுத்து, துவையலின் நிறமே போய்விடுகிறது. அரைத்த துவையலைச் சூடான சாதத்தில் நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்தால் மதிய டிபன் பாக்ஸ் தயார். கூட ஒரு அப்பளம் போதும்.

முடக்கத்தான் வேலியோரம் தானாக ஏறிக் கிடக்கிறது. ஒரு கைப்பிடி இலையை நைசாக அரைத்து, புதிதாக அரைத்த தோசைமாவில் ராத்திரியே கலந்துவிடுவேன். காலையில் கலந்தபோது கசக்கிறது என்று பிள்ளைகள் தட்டைத் தள்ளினார்கள். மாவோடு சேர்ந்து புளித்தால் கசப்பு அவ்வளவாகத் தெரிவதில்லை. மாமியார் இதைச் சொல்லித்தராமல் இருந்திருந்தால் அந்தக் கொடியைப் பிடுங்கியே போட்டிருப்பேன்.

ஒரு தவறும் சொல்ல வேண்டும். ஆர்.ஓ. மெஷின் வெளியேற்றுகிற தண்ணீர் வீணாகிறதே என்று மூன்று மாதம் அதையே செடிக்கு ஊற்றினேன். இலை நுனியெல்லாம் தீய்ந்த மாதிரி பழுப்பாகி, புதினா மொத்தமும் போய்விட்டது. வடிகட்டிய உப்பெல்லாம் அந்தத் தண்ணீரில்தானே சேர்கிறது? எங்கள் போர் தண்ணீரிலேயே உப்பு அதிகம். இப்போது அதைத் தரை துடைக்க மட்டும்தான் வைத்துக்கொள்கிறேன். செடிக்கு அரிசி களைந்த தண்ணீர் போகிறது.

நேரமில்லாத வீடுகளில் நீங்களெல்லாம் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? எழுதுங்கள்.

ஈரோடு

அக்கா, என் மனைவி நர்ஸ். அவருக்கு நைட் டூட்டி வரும் வாரங்களில் அடுப்படி என் பொறுப்பு. எனக்குக் கை கொடுத்தது தூதுவளை. வாசல் பக்கம் ஒரு தொட்டியில் நிற்கிறது. தண்டில் மட்டுமல்ல, இலையின் பின்பக்க நரம்பிலும் முள் இருக்கும். அதனால் கத்தரிக்கோலால்தான் நறுக்குவேன். பெரிய முள்ளை நீக்கிவிட்டு நெய்யில் சுருள வதக்கினால், மிச்சமிருக்கிற முள்ளும் மெத்தென்று ஆகிவிடும். மிளகு, சீரகம், நாலு பல் பூண்டு சேர்த்து அரைத்து, புளித்தண்ணீரில் தக்காளியோடு கரைத்து, நுரை கட்டி வரும்போது இறக்கிவிடுவேன். கால் மணி நேர வேலை.

காலை எட்டரைக்கு அவர் வீட்டுக்குள் வந்ததும், பையைக் கூட இறக்கி வைக்காமல் நின்றபடியே ஒரு டம்ளர் வாங்கிக் குடிப்பார். ராத்திரி முழுக்க ஏசியில் இருந்த தொண்டைக்கு அது இதமாக இருக்கிறது என்பார். அதற்காகவே அந்தத் தொட்டியை வாட விடமாட்டேன்.

கும்பகோணம்

பிரண்டை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. முதல் தடவை முற்றின தண்டாக வெட்டி, அரைகுறையாக வதக்கித் துவையல் அரைத்துவிட்டேன். மகள் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, தொண்டை அரிக்கிறது என்று அழுதாள். எனக்குக் கையெல்லாம் நமைச்சல். அதன் பிறகு ஒரு வருஷம் அந்தக் கொடிப் பக்கமே போகவில்லை.

பக்கத்து வீட்டு அம்மாதான் கூட நின்று செய்து காட்டினார். நுனியிலிருந்து இரண்டு மூன்று கணுதான் எடுக்க வேண்டும். ஒடித்தால் பட்டென்று ஒடியணும். வளைந்து கொடுத்தால் அது முற்றல், விட்டுவிட வேண்டும். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு கணுவை நீக்கி, ஓரத்து நாரை உரிக்க வேண்டும். பிறகு நிறைய நல்லெண்ணெயில் பச்சை நிறம் மாறிச் சுருங்கும் வரை வதக்கணும். இதில் அவசரமே கூடாது. புளியைக் கொஞ்சம் தாராளமாக வையுங்கள், மிச்ச அரிப்பும் அடங்கும்.

வாரநாளில் எனக்கு இதற்கு நேரம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை அரைத்து பாட்டிலில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் நாலைந்து நாள் வருகிறது. இப்போது மகள் தயிர்சாதத்துக்கு அதைத்தான் கேட்கிறாள்.

ஸ்கார்பரோ, கனடா

நாங்கள் யாழ்ப்பாணம். ஊரில கிணத்தடியில வல்லாரை தானா முளைச்சுக் கிடக்கும். அம்மா பிடுங்கிக் கழுவி, தேங்காய்ப்பூ (துருவின தேங்காய்), வெங்காயம், பச்சைமிளகாய் போட்டு, தேசிக்காய் (எலுமிச்சை) பிழிஞ்சு சம்பல் போட்டுத் தருவா. அடுப்பே தேவையில்லை.

இங்க என்னட்ட இருக்கிறது ஒரு கறிவேப்பிலை மரம்தான், தொட்டியில. செப்டம்பர் கடைசியில குளிர் தொடங்க முதலே உள்ளுக்கு எடுத்து, தெற்குப் பக்க ஜன்னலடியில வைப்பேன். முதல் வருஷம் இலையெல்லாம் கொட்டிச் செத்துப்போச்சு எண்டு நினைச்சு எறியப் பார்த்தன். கொப்பை நகத்தால சுரண்டிப் பார்க்க உள்ளுக்குப் பச்சை தெரிஞ்சது. தண்ணியைக் குறைச்சு அப்படியே விட்டன், வசந்தத்தில துளிர்த்திட்டுது. அது துளிர்த்த அண்டைக்கு வேலையால வந்து, பருப்புக்கு அந்தத் துளிரைத்தான் தாளிச்சன். சின்ன மகன் மேல இருந்து இறங்கி வந்து, "என்ன அம்மா மணக்குது?" எண்டு கேட்டான்.

மதுரை

எல்லாம் வருகிறது, கொத்தமல்லி மட்டும் எனக்கு வரவே மாட்டேன் என்கிறது. மூன்று தடவை போட்டாகிவிட்டது.

திருச்சி

மதுரைக்காரருக்கு: தனியாவை முழுசாகப் போட்டீர்களா? ஒரு துணியில் கட்டி, பூரிக்கட்டையால் லேசாக உருட்டி இரண்டாக உடைத்துப் போடுங்கள். முளைக்கப் பத்து நாளுக்கு மேல்கூட ஆகலாம், மண் காயாமல் பொறுத்திருங்கள். சித்திரை வெயிலில் போட்டால் நாலு இலை விட்டதுமே பூத்துவிடும். ஐப்பசியிலிருந்து தை வரைதான் எனக்கு நன்றாக வருகிறது. கோடையில் நான் மல்லியை மறந்துவிட்டு, ரசத்துக்குக் கறிவேப்பிலையைக் கசக்கிப் போடுகிறேன்.

கறிவேப்பிலையை எல்லோருமே உருவித்தான் எடுக்கிறோம். அப்படி எடுக்காமல் நுனிக் கொத்தோடு வெட்டி எடுங்கள், வெட்டின இடத்துக்குக் கீழே பக்கக் கிளை வெடிக்கும். கனடா அக்கா, உங்கள் மரம் வெயில் காலத்தில் வெளியே வந்ததும் இதைச் செய்து பாருங்கள்.

கும்பகோணம் அக்கா சொன்னபடி இந்த ஞாயிறு பிரண்டை வாங்கி ஒரு கணுவை ஊன்றப்போகிறேன். வடக்குச் சுவரோரம் ஒரு பை காலியாகத்தான் இருக்கிறது.